நஞ்சுக்கு ஓர் ஆடை

ராஜபாளையத்துக்குத் தெற்கே, மேற்கு மலையின் அடிவாரத்தில் தேவதானம் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே கோயில் கொண்டிருக்கும் சிவபெருமானுக்கு நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி என்று திருநாமம். அம்பிகையின் பெயர் தவம் பெற்ற நாயகி. சுவாமியின் பெயரிலேயே ஒரு கதை அடங்கியிருக்கிறது. பாண்டியனைப் போர்க்களத்தில் வெல்ல முடியாத சோழ மன்னன் ஒருவன், சமாதானத்தை விரும்புகிறவனைப் போல அவனுக்கு ஓர் அழகான ஆடையைப் பரிசாக அனுப்பினானாம். பட்டின் பளபளப்பில் மனத்தைப் பறிகொடுத்துப் பாண்டியன் அதை உடுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆடை முழுவதும் நஞ்சு தோய்ந்திருந்தது. இறைவன் அந்த நச்சாடையைத் தவிர்த்து அவனைக் காப்பாற்றினார் என்பது தல வரலாறு.

இந்தக் கதையில் நஞ்சு வெளியிலிருந்து வந்தது. பிறக்கும்போதே நஞ்சை வயிற்றில் வைத்துக்கொண்டு பிறந்த ஒரு பொருளைப் பற்றி நான் இங்கே எழுதப் போகிறேன். அது ஒரு ரத்தினக் கல். அந்த நஞ்சு கோடிக்கணக்கான ஆண்டுகள் உள்ளேயே இருந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இளக்கி, கடைசியில் கல்லைக் கண்ணாடியாக மாற்றிவிடுகிறது. வெளியே பார்த்தால் அதே கல், அதே பளபளப்பு. உள்ளே மட்டும் எல்லாம் தலைகீழாகப் போயிருக்கும். கல்லுக்கு நேர்ந்த இதே கதி உலோகங்களுக்கும் நேரும் என்று பிற்காலத்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். இந்தச் சரித்திரத்தில் ஒரு தமிழர் வருகிறார், கன்னியாகுமரிக் கடற்கரை மணல் வருகிறது, கல்பாக்கம் வருகிறது, நமக்குப் பின்னால் பிறக்கப்போகும் பத்தாயிரம் தலைமுறைகளும் வருகின்றன. ஆகையால் இதை வெறும் கல்லின் கதை என்று வாசகர்கள் ஒதுக்கிவிட வேண்டாம்.

*

இலங்கையில் ரத்தினபுரியைச் சுற்றியுள்ள வயல்களில் நெல்லுக்குக் கீழே ரத்தினம் விளைகிறது. ஆழமாகக் குழி தோண்டி, 'இல்லம்' என்று அவர்கள் சொல்லும் சரளை மண்ணை எடுத்து, கூடையில் போட்டுத் தண்ணீரில் அரிக்கிறார்கள். மண் கரைந்து போகிறது. கனமான கற்கள் கூடையின் அடியில் தங்குகின்றன. நீலமும் பதுமராகமும் வைடூரியமும் கிடைக்கிற அந்தக் கூடையிலேயே ஜிர்க்கான் என்ற கல்லும் கிடைக்கிறது. மஞ்சள், பச்சை, ஆரஞ்சு, பழுப்பு என்று அதற்குப் பல நிறம். நிறமே இல்லாததும் உண்டு. நிறமுள்ளதைச் சூடுபடுத்தி நிறத்தைப் போக்கி, பட்டை தீட்டி, 'மாத்தறை வைரம்' என்ற பெயரில் விற்றார்கள். வைரம் வாங்கப் பணமில்லாதவர்களின் ஆசையைத் தீர்த்துவைத்த கல் அது.

1789-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் கிளாப்ரோத் என்ற ரசாயன நிபுணர் இலங்கையிலிருந்து வந்த ஜிர்க்கான் ஒன்றை எடுத்துப் பரிசோதித்தார். அதுவரை யாரும் அறியாத ஒரு மூலப்பொருள் அதில் இருப்பதைக் கண்டு அதற்கு ஜிர்க்கோனியா என்று பெயர் வைத்தார். 1824-ல் ஸ்வீடன் தேசத்துப் பெர்சிலியஸ் அதிலிருந்து ஜிர்க்கோனியம் என்ற உலோகத்தைக் கரிய பொடியாகப் பிரித்தார். அடித்தால் உடையாமல் தகடாக நீளும் சுத்தமான ஜிர்க்கோனியம் கிடைப்பதற்கு மேலும் நூறு ஆண்டுகள் பிடித்தன. 1925-ல் ஹாலந்தைச் சேர்ந்த வான் ஆர்க்கலும் டி போயரும் அதைச் செய்து முடித்தார்கள். ரத்தினபுரி வயலில் தொடங்கிய ஓர் உலோகத்தின் வம்சாவளி இது.

ஆனால் இலங்கை ஜிர்க்கானில் ஒரு விசித்திரம் இருந்தது. நல்ல ஜிர்க்கான் தண்ணீரைப் போல 4.7 மடங்கு கனமுள்ளது. பார்வைக்கு அதே மாதிரியான வேறு சில கற்கள் 4 மடங்கு கனம்கூட இல்லாமல் இருந்தன. நல்ல ஜிர்க்கான் வழியாக ஒரு கோட்டைப் பார்த்தால் இரண்டாகத் தெரியும். இந்த இளைத்த கற்களில் ஒன்றாகவே தெரிந்தது. கண்ணாடியின் குணம் அது. ரத்தின நிபுணர்கள் முன்னதை உயர்ந்த ஜிர்க்கான் என்றும் பின்னதைத் தாழ்ந்த ஜிர்க்கான் என்றும் பிரித்து வைத்தார்கள். ஒரே குழியில், ஒரே கூடையில் அகப்பட்ட இரண்டு கற்களில் ஒன்று உயர்ந்ததாகவும் மற்றொன்று தாழ்ந்ததாகவும் ஆனது எதனால்?

அதற்குப் பதில் சொல்ல வேண்டிய காலத்தில்தான் ஆனந்த குமாரசுவாமி இலங்கைக்குத் திரும்பி வந்தார்.

*

ஆனந்த குமாரசுவாமி என்றதும் நடராஜ தத்துவமும் சிற்பமும் சித்திரமுமே நம் நினைவுக்கு வருகின்றன. 1877-ல் கொழும்பில், சர் முத்துக் குமாரசுவாமி என்ற தமிழ்ப் பெருமகனுக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்து, இரண்டு வயதிலேயே தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்தவர் அவர். லண்டனில் அவர் படித்தது சிற்பமும் அல்ல, சித்திரமும் அல்ல. தாவர சாஸ்திரமும் மண்ணியலும். 1903 முதல் 1906 வரை இலங்கை சர்க்காரின் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்கு அவரே தலைவர். பாறையைத் தேடி ஊர் ஊராகச் சுற்றிய அந்த நாட்களில்தான், அழிந்துகொண்டிருந்த கைத்தொழில்களையும் கைவினைஞர்களையும் அவர் கண்ணாரக் கண்டார். கல்லைத் தேடிப் போனவர் கலையைக் கண்டெடுத்துக்கொண்டு திரும்பினார் என்று சொல்லலாம்.

அவர் பொறுப்பில் இருந்த 1904-ஆம் ஆண்டில், ரத்தினச் சரளையில் அகப்பட்ட கரிய கனத்த சின்னஞ்சிறு கனசதுரக் கற்கள் லண்டனில் பரிசோதிக்கப்பட்டன. அவற்றில் பெரும்பகுதி தோரியம் ஆக்சைடு. அதுவரை உலகம் அறியாத கனிப்பொருள். தோரியனைட் என்று அதற்குப் பெயரிட்டார்கள். பெக்கரெல் 1896-ல் யுரேனியத்தின் கதிர்வீச்சைக் கண்டுபிடித்து எட்டு ஆண்டுகளே ஆகியிருந்த சமயம் அது. கதிர் வீசும் எந்தப் பொருளுக்கும் விஞ்ஞானிகளிடையே பெரும் கிராக்கி. 1910-ல் இங்கிலாந்தின் ஸ்ட்ரட், தோரியனைட்டிலிருந்து ஹீலியம் வாயு என்ன வேகத்தில் பிறக்கிறது என்று அளந்து, அதைக்கொண்டு பாறைகளின் வயதைக் கணக்கிட முயன்றார். பூமியின் வயதை எண்ணத் தொடங்கிய முதல் கடிகாரங்களில் ஒன்று, குமாரசுவாமி வேலை பார்த்த மண்ணிலிருந்து போயிற்று.

சில கனிப்பொருள்கள் வெளியே ஸ்படிக உருவத்தோடும் உள்ளே கண்ணாடியாகவும் இருப்பதை ஐரோப்பிய அறிஞர்கள் முன்பே கவனித்திருந்தார்கள். 1893-ல் நார்வே தேசத்துப் புரோகர் அந்த நிலைக்கு 'மெட்டாமிக்ட்' என்று ஒரு பெயர் கொடுத்தார். காரணத்தை 1914-ல் ஸ்வீடனின் ஹாம்பெர்க் ஊகித்துச் சொன்னார்: அந்தக் கற்களுக்குள் கொஞ்சம் யுரேனியமோ தோரியமோ இருக்கிறது; அது வீசும் ஆல்ஃபா கதிரே கல்லை உள்ளிருந்து குலைக்கிறது. இலங்கை ஜிர்க்கானிலும் இதுவே நடந்திருந்தது. அதில் யுரேனியம் அதிகம் ஒன்றும் இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் சில பங்கு. ஆனால் அந்தக் கல்லுக்கு வயது 50 கோடி ஆண்டுகளுக்கு மேல். அவ்வளவு காலம் கிடைத்தால் துளி நஞ்சும் தன் வேலையைச் செய்துவிடும்.

1953-ல் எகலியகொடைக் குழியில் கிடைத்த பச்சைக் கல் ஒன்று இந்த ரகசியத்துக்குச் சாட்சி சொல்ல வந்தது. எக்கநாயக்க என்ற ரத்தின நிபுணரின் கண்ணில் பட்ட அது, இதுவரை பார்த்த எந்தக் கல்லின் ஜாதியிலும் சேரவில்லை. அவர் பெயராலேயே 1961-ல் அதற்கு எக்கனைட் என்று நாமகரணம் ஆயிற்று. கால் பங்குக்கு மேல் தோரியம் ஆக்சைடு உள்ள அந்தப் பச்சைக் கல், எக்ஸ்ரேயில் பார்த்தால் முழுக் கண்ணாடி. மோதிரத்தில் பதித்துக்கொள்ளத் தோன்றும் அழகு; பதித்துக்கொள்ளக் கூடாத பொருள். தேவதானத்துப் பாண்டியனுக்கு வந்த ஆடையைத்தான் நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

*

ஸ்படிகம் வேறு, கண்ணாடி வேறு என்கிறோமே, என்ன வேறுபாடு?

கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக இலை போட்டிருக்கிறது. ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் ஒரே இடைவெளி. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் ஒரே இடைவெளி. முதல் இலை இருக்குமிடம் தெரிந்தால் நூறாவது இலை இருக்குமிடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். ஸ்படிகத்தில் அணுக்கள் இப்படி உட்கார்ந்திருக்கின்றன. பந்தி முடிந்து அதே ஜனங்கள் கொட்டகை வாசலில் முண்டியடிக்கும்போது பாருங்கள். ஆட்கள் அவர்களே, ஒருவருக்கொருவர் அருகில்தான் நிற்கிறார்கள், ஆனால் வரிசை இல்லை. அது கண்ணாடி. வைரம், உப்பு, கற்கண்டு மாத்திரம் அல்ல, இரும்பும் செம்பும் பொன்னும்கூட உள்ளே பந்தி வரிசைதான். கண்ணுக்குப் பளிங்குபோலத் தெரியாவிட்டாலும் உலோகங்கள் யாவும் ஸ்படிகக் கூட்டங்களே.

யுரேனிய அணு ஒன்று ஆல்ஃபா துகளை வீசும்போது, துப்பாக்கி சுட்டவனின் தோளைப் பின்னால் தள்ளுவதுபோல் அந்த அணுவே பின்னால் உதைத்துத் தள்ளப்படுகிறது. மிரண்ட காளை பந்திக்குள் புகுந்தாற்போல் அது ஆயிரக்கணக்கான அணுக்களை இடம் பெயர்த்துவிட்டு நிற்கிறது. ஒரு காளை புகுந்தால் ஒரு மூலை கலையும். மற்ற வரிசைகள் நிலைத்திருக்கும். எழுந்தவர்களில் பலர் திரும்பி வந்து உட்கார்ந்தும்விடுவார்கள். ஆனால் காளைகள் ஓயாமல் வந்துகொண்டே இருந்தால்?

1955-ல் அமெரிக்காவில் ஹாலண்டு, காட்ஃபிரீட் என்ற இருவர் இலங்கை ஜிர்க்கான்களை நிறையச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் யுரேனியம் எவ்வளவு, அது இதுவரை எத்தனை அடி அடித்திருக்கும், கல் எவ்வளவு உப்பியிருக்கிறது என்று வரிசைப்படுத்தினார்கள். சேதம் ஒரே சீராக ஏறவில்லை. கட்டம் கட்டமாக நடந்திருந்தது. தொடக்கத்தில் கல் தாங்கிக்கொள்கிறது. பிறகு உப்புகிறது. கடைசியில் வரிசை முழுவதும் குலைந்து, அதற்கு மேல் குலைய எதுவும் இல்லாத நிலைக்கு வந்து நின்றுவிடுகிறது. ஒரே கல்லில் நஞ்சு அதிகமுள்ள அடுக்கும் குறைந்த அடுக்கும் மாறி மாறி அமைந்திருந்தால் இன்னும் வேடிக்கை. நஞ்சுள்ள அடுக்கு உப்புவதால் பக்கத்தில் நல்லபடியாக இருக்கும் அடுக்கு தெறித்து வெடிக்கிறது. இலங்கைக் கல் ஒன்றிலேயே 1987-ல் இதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். கெட்டவன் தானும் கெட்டு அண்டை வீட்டுக்காரனையும் கெடுப்பது கல்லுலகத்திலும் உண்டு போலிருக்கிறது!

*

இனி இளகுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சந்தையில் பானை வாங்குகிறவர்கள் விரலை மடக்கி அதைத் தட்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் நல்ல பானை. தொப் என்றால் எங்கோ கீறல். விஞ்ஞானியும் கல்லைத் தட்டித்தான் பார்க்கிறார்; அவர் விரல் காதுக்குக் கேட்காத நுண்ணொலி. ஒரு பொருள் எவ்வளவு விறைப்பாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாக ஒலி அதில் ஓடும். 1970-களில் ஜிர்க்கான் கற்களை இப்படித் தட்டிப் பார்த்தபோது, கதிரடி ஏற ஏற விறைப்பு வெகுவாகக் குறைந்துகொண்டே போவது தெரிந்தது. கல் முழுவதும் கண்ணாடியாவதற்கு முன்பே, இன்னும் ஸ்படிகம் என்று பெயர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அது உள்ளுக்குள் இளகிவிடுகிறது.

விறைப்பு இரண்டு வகை. நாலாபுறமும் அமுக்கினால் சுருங்க மறுப்பது ஒன்று. சீட்டுக்கட்டைப் பக்கவாட்டில் தள்ளினால் சீட்டுகள் சறுக்குமல்லவா, அப்படிச் சறுக்க மறுப்பது இன்னொன்று. அமுக்கினால் தண்ணீரும் எதிர்த்து நிற்கும். பக்கவாட்டில் தள்ளினால் அது எதிர்ப்பதில்லை, ஓடிவிடும். திடப்பொருளைத் திடப்பொருள் ஆக்குவதே இந்தப் பக்கவாட்டு விறைப்புத்தான்.

இந்த உண்மையைக் கொண்டு உருகுதல் என்பதற்கே இலக்கணம் வகுத்தவர் மாக்ஸ் போர்ன். ஹிட்லரின் ஆட்சியில் வேலையிழந்து ஜெர்மனியை விட்டு வெளியேறிய அந்த மேதையை, நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த ஸர் சி. வி. ராமன் பெங்களூருக்கு அழைத்தார். 1935, 36-ஆம் ஆண்டுகளில் சில மாத காலம் போர்ன் அங்கே இந்திய விஞ்ஞானக் கழகத்தில் இருந்தார். அவரை அங்கேயே நிலையாக இருத்திக்கொள்ள ராமன் செய்த முயற்சி பலிக்கவில்லை. எடின்பரோவுக்குப் போன போர்ன் 1939-ல் ஒரு கட்டுரை எழுதினார். சூடு ஏற ஏற ஸ்படிகத்தின் பக்கவாட்டு விறைப்புக் குறைகிறது. அது அறவே இல்லாமல் போகுமிடத்தில் ஸ்படிகம் தன்னைத் தாங்க முடியாமல் சரிகிறது. அதுவே உருகுதல் என்பது அவர் கொள்கை. அதற்கு முன் 1910-ல் லிண்டமன் வேறொரு வழியாக இதே வாசலுக்கு வந்திருந்தார். சூட்டில் அணுக்கள் தத்தம் இடத்திலேயே ஆடுகின்றன. ஆட்டம், அண்டை அணுவுக்கு உள்ள தூரத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கை எட்டினால் பந்தி கலைந்துவிடும் என்றார் அவர்.

இவர்கள் இருவரும் பேசியது சூட்டைப் பற்றி. சூடே இல்லாமல் ஒரு பொருள் உருகுமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. ஜிர்க்கான் மாத்திரம் ரத்தினபுரி மண்ணுக்குள் அதைச் செய்துகொண்டிருந்தது.

*

உலோகத்தைக் கண்ணாடியாக்கும் வேலை 1960-ல் தொடங்கிற்று. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் போல் துவே என்பவரும் அவருடைய மாணவர்களும், பொன்னும் சிலிக்கனும் கலந்த உருக்குத் துளியைச் செப்புத் தகட்டின்மேல் வீசியறைந்து குளிர வைத்தார்கள். வினாடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற கணக்கில் சூடு இறங்கியது. அணுக்களுக்குப் பந்தியில் இடம் தேடி உட்கார நேரமே கிடைக்கவில்லை. முண்டியடித்த கோலத்திலேயே உறைந்துபோயின. உலகத்தின் முதல் உலோகக் கண்ணாடி அது. நம் நாட்டில் இந்தத் துறையை வளர்த்தவர்களில் முதன்மையானவர், காசி இந்து சர்வகலாசாலையில் பணியாற்றிய டி. ஆர். அனந்தராமன்.

கொல்லன் பழுக்கக் காய்ச்சியதைத் தண்ணீரில் முக்குவதன் பேரன் என்று இதைச் சொல்லலாம். ஆனால் 1983-ல் வந்த செய்திக்கு அப்படி உறவு சொல்ல யாரும் இல்லை. ஜான்ஸனும் அவருடைய கூட்டாளிகளும் ஜிர்க்கோனியமும் ரோடியமும் சேர்ந்த ஸ்படிகக் கலவை ஒன்றை உருக்கவே இல்லை. இளஞ்சூட்டில் வைத்து ஹைட்ரஜன் வாயுவைக் குடிக்கவிட்டார்கள். குடித்துக் குடித்து அது திடப்பொருளாக இருந்தபடியே கண்ணாடியாயிற்று. மறு ஆண்டில் கானடாவில் வேறு சிலர், கடுங்குளிரில் சாதாரணப் பனிக்கட்டியைப் பத்தாயிரம் வாயுமண்டல அழுத்தத்தில் அமுக்கியே கண்ணாடியாக்கினார்கள். வழிகள் பல, போய்ச் சேருமிடம் ஒன்றே என்று தோன்றியது.

1987-ல் அமெரிக்காவின் ஆர்கான் ஆராய்ச்சிசாலையில் இதன் சூட்சுமம் பிடிபட்டது. அங்கே எடுத்துக்கொண்டதும் ஒரு ஜிர்க்கோனியக் கலவைதான்: மூன்று பங்கு ஜிர்க்கோனியம், ஒரு பங்கு அலுமினியம். அதன்மேல் கிரிப்டான் அயனிகளை ஏவி, இலங்கைக் கல்லில் ஐம்பது கோடி ஆண்டுகளில் நடந்ததைச் சிறு பொழுதில் நடத்திக் காட்டினார்கள். அடி விழ விழ அதன் பக்கவாட்டு விறைப்பையும் அளந்துகொண்டே வந்தார்கள். முதலில், எந்த இடம் ஜிர்க்கோனியத்துக்கு, எந்த இடம் அலுமினியத்துக்கு என்ற நியதி கெட்டது. உடன் விறைப்பும் மளமளவென்று இறங்கியது. ஏறக்குறையப் பாதியாகக் குறைந்த பிறகு, திடீரென்று பொருள் கண்ணாடியாயிற்று. இளகின இரும்பைக் கண்டால் கொல்லன் தூக்கித் தூக்கி அடிப்பான் என்பார்கள். இங்கே அடியே இரும்பை இளக்குகிறது, இளகின பின் கடைசி அடியில் எல்லாம் சரிகிறது.

ஒக்கமோட்டோ, லாம், ரேன் என்ற மூவர் 1999-ல் இதற்கெல்லாம் ஒரு பொது விளக்கம் எழுதினார்கள். அணு தன் இடத்திலிருந்து விலகுவது இரண்டு விதம். சூட்டினால் ஆடி விலகுவது ஒன்று. ஆடாமலே, பக்கத்தில் ஏதோ கோளாறு நேர்ந்ததால் நிரந்தரமாக விலகி உட்கார்ந்திருப்பது மற்றொன்று. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை லிண்டமன் சொன்ன எல்லையைத் தொட்டால் ஸ்படிகம் நிற்காது. விலகல் முழுவதும் சூட்டினால் வந்தால் அதை உருகுதல் என்கிறோம். கோளாற்றினால் வந்தால் கண்ணாடியாதல் என்கிறோம். நடப்பது ஒன்றே என்பது அவர்கள் வாதம். போர்னும் லிண்டமனும் போட்ட இரண்டு பாதைகளும் இங்கே வந்து கூடுகின்றன.

*

இதனால் நமக்கு என்ன என்று கேட்கிறவர்களுக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியைக் காட்டுவேன். 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், திருவாங்கூர்க் கயிற்றில் ஒட்டிக்கொண்டு வந்த மணலில் தோரியம் கலந்த மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து அந்தக் கடற்கரை உலகப் பிரசித்தி அடைந்தது. அதே மணலில் ஜிர்க்கானும் இருக்கிறது. தெற்கு மலைகளின் பாறை கரைந்து கடலுக்கு வந்த மணல் அது. இலங்கையும் நம் தென்கோடியும் ஒரு காலத்தில் ஒரே நிலமாக ஒட்டியிருந்தவை. இரண்டின் பாறைகளும் ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே அடுப்பில் வெந்தவை. சாஸ்தா கோயில் அருவி தேவதானத்தின் பக்கம் கொண்டுவந்து சேர்க்கும் மணலில் ஒரு பிடி எடுத்தாலும், கண்ணுக்குத் தெரியாத ஜிர்க்கான் பொடி சிலவாவது அதில் இருக்கும்.

மணலின் ஜிர்க்கானிலிருந்து ஜிர்க்கோனியம் எடுக்கிறார்கள். அதற்காகத் தூத்துக்குடிக்கு அருகே பழையகாயலில் ஒரு தொழிற்சாலை 2009-ல் தொடங்கப்பட்டது. எதற்கு இவ்வளவு முயற்சி? அணு உலையில் யுரேனியத்தை அப்படியே தண்ணீரில் போட முடியாது. அதற்கு ஓர் உறை வேண்டும். ஜிர்க்கோனியம் நியூட்ரானை விழுங்குவதில்லை, தண்ணீரில் எளிதில் அரிப்பதும் இல்லை. ஆகவே ஜிர்க்காலாய் என்ற கலவையில் அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழாய் செய்து, யுரேனியத்தை அதற்குள் வைத்து மூடுகிறார்கள். கல்பாக்கத்தில் 1984-லும் 1986-லும் வேலை தொடங்கிய இரண்டு உலைகளுக்கும் இந்தக் குழாய்தான். சோழன் அனுப்பியது நஞ்சு தோய்ந்த ஆடை. இது நஞ்சுக்கே உடுத்தும் ஆடை.

அந்த ஆடையின் இழைக்குள்ளும் நாம் சொல்லிவந்த கதை நடக்கிறது. ஜிர்க்காலாயில் இரும்பும் குரோமியமும் சேர்ந்த நுண்ணிய பொட்டுகள் பரவியிருக்கின்றன. அரிப்பைத் தாங்கும் சக்திக்கு அவை முக்கியம். உலையில் நெடுநாள் இருந்த குழாய்களை 1980-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, நியூட்ரான் அடியில் அந்தப் பொட்டுகள் ஓரத்திலிருந்து கண்ணாடியாகி வருவதும், அவற்றின் இரும்பு மெல்லச் சுற்றுப்புறத்துக்குக் கசிவதும் தெரிந்தன. குழாய் குழாயாகத்தான் இருக்கிறது. அதன் குணம் மாறிக்கொண்டு வருகிறது. ஆகவே எத்தனை காலம் உலையில் விடலாம் என்ற கணக்கில் இதையும் சேர்க்க வேண்டியதாயிற்று. ஜிர்க்கோனியம் கண்ணாடியாவது எப்போதும் கெடுதல் என்றும் நினைக்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் ஜான்ஸனின் கூட்டத்தார் ஜிர்க்கோனியத்தோடு டைட்டானியம், செம்பு, நிக்கல், பெரிலியம் கலந்து, அவசரமில்லாமல் குளிரவிட்டாலும் கண்ணாடியாகவே உறையும் கலவை செய்தார்கள். எஃகையும் மிஞ்சும் வலிமையுள்ள அதில் கோல்ஃப் மட்டைகூடச் செய்து விற்றார்கள். வேண்டி வரவழைத்தால் வரம். வேண்டாமல் வந்தால் வினை.

*

கடைசியாக உள்ள கேள்வியே பெரிய கேள்வி. உலையிலிருந்து வெளிவரும் கழிவை எதில் வைப்பது? அதிலுள்ள புளூட்டோனியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். அஞ்ச வேண்டாத அளவுக்கு வற்றுவதற்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம் ஆண்டுகள். மனிதன் இதுவரை கட்டிய எந்தக் கோட்டைக்கும் அந்த வயதில் நூற்றில் பத்துப் பங்குகூடக் கிடையாது. ஆகவே அறிஞர்கள் கல்லையே நம்பினார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகள் யுரேனியத்தைச் சுமந்தும் ஆற்றிலும் மண்ணிலும் கரையாத ஜிர்க்கானுக்குள் புளூட்டோனியத்தைப் பூட்டிவிட்டால் என்ன என்பது அவர்கள் யோசனை.

2007-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஃபார்னனும் அமெரிக்கக் கூட்டாளிகளும் அதை அளந்து பார்த்துப் பதில் சொன்னார்கள். ஒவ்வொரு ஆல்ஃபா வீச்சும் சுமார் 5,000 அணுக்களை இடம் பெயர்க்கிறது. பத்தில் ஒரு பங்கு புளூட்டோனியம் ஏற்றிய ஜிர்க்கான் 1,400 ஆண்டுகளிலேயே வரிசை குலைந்து கண்ணாடியாகிவிடும். இரண்டரை லட்சம் ஆண்டு காவல் கேட்டோம். காவற்காரன் ராஜராஜ சோழன் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் முன்னாலிருந்து இன்றுவரை உள்ள காலம்தான் விழித்திருப்பேன் என்கிறான்.

இன்று இந்தியா உட்படப் பல நாடுகள் கடுங்கழிவைப் போரோசிலிகேட் கண்ணாடியில் கலந்து உறைய வைக்கின்றன. கண்ணாடியில் வரிசை என்பதே இல்லாததால் குலைவதற்கும் ஒன்றும் இல்லை. இழக்க எதுவுமில்லாதவனை யாரும் கொள்ளையடிக்க முடியாது என்பது போன்ற சாமர்த்தியம் அது. ஆனால் நீண்ட காலம் தண்ணீர் பட்டால் கண்ணாடி கல்லைவிடச் சீக்கிரம் கரையும். ஆகையால் கல்லா கண்ணாடியா என்ற விவாதம் முடிந்துவிடவில்லை. நஞ்சைத் தாங்கியும் குலையாத ஸ்படிகத்தைத் தேடுகிறவர்கள் தேடிக்கொண்டே இருக்கிறார்கள்.

அப்படி ஒன்று உண்டா? உண்டு. குமாரசுவாமி காலத்தில் லண்டனுக்குப் போன தோரியனைட் கல்லைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். ஜிர்க்கானில் நஞ்சு ஆயிரத்தில் சில பங்கு. தோரியனைட்டோ பெரும்பாலும் நஞ்சேயானது. அதே நிலத்தில் பிறந்து, அதே கோடிக்கணக்கான ஆண்டுகள் உள்ளிருந்து அடிபட்டும் அது இன்றுவரை ஸ்படிகமாகவே இருக்கிறது. அதன் அமைப்பு எளிமையானது. எழுந்த அணு அண்டையிலேயே தன் இடத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்துவிடுகிறது. ஜிர்க்கானின் அமைப்போ சிக்கலானது. எழுந்தவனுக்கு வீடு திரும்பும் வழி தெரியவில்லை. நஞ்சின் அளவைவிட, கலைந்தபின் திரும்பிச் சேரும் சக்தியே ஸ்படிகத்தின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஆலகாலத்தை உண்டும் அழியாத ஆடல்வல்லானைப் பற்றிப் பிற்காலத்தில் உலகமெல்லாம் அறிய எழுதியவருக்கு, இளமையில் கைக்குக் கிடைத்த கல்லும் அப்படிப்பட்டதாக அமைந்தது ஓர் ஆச்சரியம்.

தேவதானம் என்பது ஊர்ப் பெயராவதற்கு முன்னால் ஒரு சட்டச் சொல். கோயிலுக்கென்று அரசன் விட்ட நிலத்துக்குக் கல்வெட்டுகளில் அந்தப் பெயர். சந்திர சூரியர் உள்ளவரை இந்தத் தானம் நிற்கவேண்டும் என்று எழுதிவைப்பது அக்கால மரபு. கொடுத்தது நெல் விளையும் நிலம். அதற்கே அவர்கள் சந்திர சூரியரைச் சாட்சி வைத்தார்கள். நாம் பின்னால் வருகிறவர்களுக்கு விட்டுப் போவது நெல் விளையும் நிலம் மாத்திரம் அல்ல. அவர்களுக்காக எழுதி வைக்கும் சாஸனத்தில் என்ன வாசகம் எழுதுவது, எந்தக் கல்லில் எழுதுவது என்பதைப் பழையகாயலிலும் கல்பாக்கத்திலும் வேலை செய்கிற இளைஞர்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது. அவர்கள் மாத்திரம் யோசித்தால் போதாது.